சம்பந்தி எடுத்த மூச்சு

கிட்டார் பெட்டியின் இரண்டு கொக்கிகளையும் சம்பந்தி இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் திறந்தார். உள்ளே மஞ்சள் துணி ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கம்பிகளைத் துடைத்து, துணியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கிட்டாரைத் தோளில் மாட்டினார். அவசரமே இல்லை. மேடையில் நானும், எனக்குப் பின்னால் டிரம்ஸில், எக்ஸ்ரே என்று நாங்கள் கூப்பிடும் நண்பரும் காத்திருந்தோம்.

"எந்த சுருதி, சம்பந்தி?" என்று கேட்டேன்.

"வழக்கமானதுதான்."

யாருடைய வழக்கம் என்று நான் கேட்கவில்லை. என்ன பாட்டு என்று மட்டும் கேட்டேன்.

"பாட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் வாசிக்கிறேன். நீங்க பின்னாடியே வாங்க."

மரச்சாமான் கடையின் மாடிதான் எங்கள் அரங்கம். பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அங்கே ப்ளூஸ் ஜாம் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கிட்டாரோடு வரலாம், பலகையில் பெயர் எழுதலாம், ஆளுக்கு ஒன்று வாசிக்கலாம். பின்னால் வாசிக்க நாங்கள் இரண்டு பேர் இருப்போம். கடைக்கு விடுமுறை என்பதால் கீழே ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். எல்லோரும் குனிந்து நுழைந்து வார்னிஷ் வாடைக்குள் படியேறி வருவார்கள். எனக்குக் குனிந்து நுழையப் பிடிக்காது. நான் வரும் நேரத்தில் ஷட்டர் முழுதும் மேலே இருக்க வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். இருக்கிறது.

கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. விற்பனைக்கு வைத்திருக்கும் சோபாக்களில்தான் உட்கார வேண்டும், பாலிதீன் உறையைப் பிரிக்கக் கூடாது. அது கடைக்காரர் போட்ட ஒரே நிபந்தனை. யாராவது நெளிந்தால் உறை மொறமொறவென்று சத்தம் போடும். மேடையில் ஒருவர் தடுமாறினால் எங்கள் கூட்டம் சிரிக்காது, ஊளையிடாது. நெளியும். முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் நெளியும்போது எழும் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் பெரும்பாலும் மறுபடி பெயர் எழுதுவதில்லை.

நான் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து விழுந்த லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பதை ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். அரை அங்குலம் ஏறியிருந்தாலும் ஓட்டக் கூடாது என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன். எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். தடுக்கி விழுகிறவன் அரை அங்குலத்தில்தான் விழுகிறான். நான் வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கும், அந்த அடிக்குரல் நாலு கம்பிக் கிட்டாருக்கும், அதே வேலைதான். முன்னால் நிற்பவர் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகட்டும்; இறங்கும்போது காலுக்குக் கீழே தரை இருக்க வேண்டும். அந்தத் தரை நான். எக்ஸ்ரே எனக்கு 'தூண்' என்று பட்டப்பெயர் வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ப்ளூஸ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலு எண்ணினால் ஒரு கட்டம். பன்னிரண்டு கட்டம் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் போக மூன்றே இடம்: சொந்த வீடு, பக்கத்து வீடு, தெருமுனை. நாலு கட்டம் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு கட்டம் பக்கத்து வீடு, மறுபடி இரண்டு கட்டம் வீடு. அப்புறம் தெருமுனையில் ஒரு கட்டம், வரும் வழியில் பக்கத்து வீட்டில் ஒரு கட்டம், கடைசி இரண்டு கட்டத்துக்கு வீடு திரும்பிவிட வேண்டும். உலகத்தில் எந்த மூலையில் இருந்து வந்தவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்து வாசிக்க முடிவது இந்தக் கணக்கால்தான்.

கிட்டார்காரர்கள் கணக்கை மறப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர் பதின்மூன்றாவது கட்டத்தில் விழிப்பார். வேகமாக வாசிப்பவர் பத்திலேயே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து போட்டுவிட்டு நிற்பார். யார் எப்போது இடம் மாறுவார் என்பதை அவர்கள் இடது கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். விரல் கம்பியைத் தொடும் முன்பே மணிக்கட்டு சொல்லிவிடும். ஆனால் தெரியும் என்பதற்காக நான் நகர மாட்டேன். கணக்கில் நிற்பேன். அவர் வழி தவறிவிட்டால் எக்ஸ்ரே டிரம்மின் விளிம்பில் குச்சியால் மூன்று தட்டு தட்டுவார். அதற்கு எங்களிடையே 'கதவைத் தட்டுவது' என்று பெயர். வீடு இங்கே இருக்கிறது, வந்து சேருங்கள் என்று அர்த்தம். தட்டியதும் வாசிப்பவர் நிறுத்தி, காது கொடுத்து, என் சத்தத்துக்கு வந்து சேருவார். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான். கூட்டத்தில் எல்லோருக்கும் அந்தத் தட்டு தெரியும். அதனால்தான் நெளிகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் கல்யாணத் தேதி பேச சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகளை அவர் மகனுக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பிள்ளைகளே பார்த்து முடிவு செய்தது, எங்களுக்கும் சம்மதம். கூடத்து மூலையில் என் பேஸ் கிட்டார் அதன் தாங்கியில் நின்றது. சம்பந்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டே அதன் அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"இதுல நாலு கம்பிதானே இருக்கு. மிச்சம் ரெண்டு எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தவர். பிறகு அவர் தானும் கிட்டார் வாசிப்பதாகவும், எங்கள் ஜாமுக்கு ஒரு நாள் வருவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, யாரையும் குறிப்பிடாதது போல, "எங்க வீட்ல எல்லாரும் முன்னாடி நின்னு பழகினவங்க" என்றார்.

அவர்கள் போனதும் அக்கா டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். எனக்கு ஐந்து வயது மூத்தவள். என் மனைவி போன பிறகு மகளை வளர்த்தது அவள்தான், அதனால் இந்த வீட்டில் கடைசி வார்த்தை சொல்லும் உரிமையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவள்.

"தம்பி, உன்னைப் பின்னாடி நிக்கிறவன்னு சொல்லாம சொல்லிட்டுப் போறாரு மனுஷன். நீ பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற."

"வரட்டும்" என்றேன். எங்கள் அப்பாவும் தாத்தாவும் யாரிடமும் ஒரு சொல் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் இல்லை. அந்தச் சொல்லுக்கு நான் வாயால் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வந்து மேடை ஏறினால் போதும். நான் என் இடத்தில், என் கணக்கில், நகராமல் நின்றால் போதும்.

இன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஜாமுக்கு நான் முழுக்கைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவும் இல்லாமல் போனதில்லை. மகள் வந்து மேஜையின் மறுபக்கம் நின்றாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"அப்பா, இன்னிக்குக் கதவைத் தட்டுவீங்களா?"

"வழி தவறினா தட்டத்தான் வேணும். யாரா இருந்தாலும்."

"தவறுவாருப்பா. அவங்க வீட்ல அவரு வாசிச்சு நான் கேட்டிருக்கேன்."

நான் காலரைத் திருப்பிப் போட்டேன்.

"தோத்துட்டு அவரு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாரோ, அந்த வீட்டுக்குத்தாம்பா நானும் போகப்போறேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். என் பேஸ் யார் பின்னாலும் போகாது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. சட்டையை வாங்கி, ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டனைப் போட்டுவிட்டுப் போனாள். கெஞ்சும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் என் பெண்.

மேடையில் சம்பந்தி ஆரம்பித்தார். முதல் தொடலிலேயே சுருதி தெரிந்துவிட்டது, நான் அதன் அடிச் சுரத்தில் போய் நின்றேன், எக்ஸ்ரே சேர்ந்துகொண்டார். சத்தம் நன்றாக இருந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கிட்டார், தடித்த கம்பி, அழுத்தமான விரல். ஒவ்வொரு சுரமும் யாரோ நிதானமாகப் பேசுவது போல வந்தது.

ஆனால் நாலு கட்டம் வீட்டில் இருக்க வேண்டியவர் மூன்றரையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே இரண்டு கட்டம் போதும்; இவர் உட்கார்ந்து மூன்றே கால் கட்டம் கதை பேசினார். தெருமுனைக்குப் போகவே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். நான் என் கணக்கில் நின்றேன். முதல் சுற்று முடிந்தபோது அவர் வீடு ஒரு தெருவிலும் என் வீடு வேறொரு தெருவிலும் இருந்தன.

உறைகள் மொறமொறக்க ஆரம்பித்தன.

முன்வரிசையில் நீல சோபாவில் என் அக்கா கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல சினிமாவில் விளக்கு அணையும்போது இருக்கும் முகம். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பாலிஷ் போட்டு வந்திருந்தார். அதை நான் அப்போதுதான் கவனித்தேன். குதிகால் தேய்ந்த பழைய ஷூ, ஆனால் நேற்று இரண்டு கை பூசியிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயின் குச்சி விளிம்புக்கு நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். உடைந்த எலும்பைப் பார்த்தாலும் புருவம் உயராது. குச்சியைத் தூக்கிக்கொண்டு என் தலையசைப்புக்காகப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக நான் மேலும் கீழும்தான் அசைத்திருக்கிறேன்.

பக்கவாட்டில் அசைத்தேன்.

புருவம் உயர்ந்தது.

அடுத்த சுற்றில் நான் அவர் பின்னால் போனேன். சொல்வது சுலபம். லிஃப்ட் நின்ற இடத்துக்கு மாடியின் தரையைத் தூக்கிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டால் சொல்வேன். அவர் இடது கையை நம்பினேன். அந்தக் கை பொய் சொன்னது. பக்கத்து வீட்டுக்குப் போவது போல மணிக்கட்டைத் திருப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கும். சும்மா இருப்பது போல இருந்துவிட்டுத் திடீரென்று தெருமுனையில் நிற்கும். ஒவ்வொரு இடத்துக்கும் நான் அரைக் கட்டம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கியது. அறுபத்தெட்டு வயதில் பஸ்ஸைத் துரத்துவது போல.

மூன்றாவது சுற்றில் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது, ஆனால் தொண்டை அசைந்துகொண்டிருந்தது. மனுஷன் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தார். ஒரு வரி பாடி முடிக்கும் வரை ஓர் இடத்தில் இருந்தார். மூச்சு தீர்ந்ததும் நிறுத்தி, நெஞ்சு நிறைய இழுத்து, அடுத்த இடத்துக்குப் போனார். நீளமான மூச்சு என்றால் நாலரைக் கட்டம். குட்டை மூச்சு என்றால் மூன்று.

அவர் மலை உச்சியில் வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருஷம் தனியாக வேலை பார்த்தவர். தேதி பேச வந்த அன்று சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய் மழையளவும் காற்றும் குறித்துவிட்டு வர வேண்டும், நடுவில் பேச ஆள் கிடையாது. மழையைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்த மனிதர் கட்டத்தை ஏன் அளக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாருக்காக அளப்பது? சேர்ந்து வாசிக்க யாராவது இருந்தால்தானே.

அவர் மூச்சுதான் கணக்கு என்று பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது. அவர் நெஞ்சு உயரும்போது என் விரல் கிளம்பும், அவர் காலை வைக்கும்போது தரை அங்கே இருக்கும். எக்ஸ்ரே கெட்டிக்காரர், அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் தோளைப் பார்த்து வந்தார். மூன்றாவது சுற்று பதினொன்றே முக்கால் கட்டத்தில் முடிந்தது. முடிந்தது என்பது கூடக் கூட்டத்துக்குத் தெரியவில்லை. மொறமொறப்பு நின்றிருந்தது. பின்வரிசையில் யாரோ காலால் தாளம் போட்டார்கள். எந்தத் தாளத்துக்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அக்கா முகத்தில் விளக்கு மறுபடி போட்டது போல ஓர் ஏமாற்றம். நான் நிமிர்ந்து நின்றேன். இப்படி ஒருவரைக் கொண்டுபோக இந்த ஊரில் வேறு எந்த பேஸ்காரனாலும் முடியாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாலாவது சுற்றில் சம்பந்தி நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். அதுவரை எடுத்ததில் பெரியது. நான் தெருமுனைக்குப் பாய்ந்தேன். அழுத்தமாக, முழுச் சத்தத்தோடு.

அவர் வரவில்லை.

அது தும்மலுக்காக இழுத்த மூச்சு. தும்மலும் வரவில்லை. மூக்கைச் சுருக்கி, வார்னிஷ் வாடையோடு அதை விழுங்கிவிட்டு, அவர் வீட்டிலேயே இருந்தார். தெருமுனையில் நான் தனியாக நின்றேன். எக்ஸ்ரே என்னை நம்பி என்னோடு வந்தவர், இடறிப் போய், பழக்க தோஷத்தில், யோசிக்காமல், விளிம்பில் குச்சியை வைத்துத் தட்டிவிட்டார்.

டக், டக், டக்.

எனக்கு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு. முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் நெளிந்தார்கள். அந்தச் சத்தம் மேடைக்கு எப்படி வந்து விழும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. காது மடல் சுட்டது. விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். நான் குனிந்து பார்க்கிறவன் இல்லை.

சம்பந்தி தன் பாட்டுக்குப் போயிருக்கலாம். இருபத்தாறு வருஷம் யாருக்கும் காத்திராமல் வாசித்தவர். ஆனால் அவர் நின்றார். ஒரே கம்பியில் ஒரே சுரத்தைத் தொட்டு, விட்டு, தொட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் தடவையாகக் கழுத்தைத் திருப்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கேலி இல்லை. இரவெல்லாம் மழை பெய்த பின் அளவுக் குடுவையைக் குனிந்து பார்ப்பவரின் பார்வை. நான் வந்து சேரும் வரை அந்தச் சுரத்தை அவர் விடவில்லை. எண்ணிவிட்டேன், அது என் வழக்கம். இரண்டு கட்டம். நாலும் நாலும் எட்டு. ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வந்ததும் தலையை ஆட்டினார். பிறகுதான் தெருமுனைக்குப் போனார். நான் கூடப் போனேன்.

முடிந்ததும் கை தட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுவதும் மனதாரத் தட்டுவதும் எங்கள் மாடியில் வேறு வேறு சத்தம். எழுந்து தட்டினால் உறை சத்தமும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தது. சம்பந்தி மஞ்சள் துணியை எடுத்துக் கம்பிகளைத் துடைத்தார். கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக என்னிடம் கேட்டார்.

"நடுவுல எங்க போயிட்டீங்க, சம்பந்தி? நான் மட்டும் நிக்கலன்னா என்ன ஆயிருக்கும்?"

அக்காவின் கைப்பை மடியிலிருந்து சோபாவுக்கு இறங்கியது. எழுந்திருக்கப்போகிறாள் என்று அர்த்தம். பின்னால் எக்ஸ்ரே, "அண்ணே, அது என்னன்னா" என்று வாயைத் திறந்தார். நான் இடது கையைப் பின்னால் நீட்டினேன். நிறுத்திக்கொண்டார். மகள் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளிச்சத்தில் லென்ஸைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போல.

"தப்பு என்னுதுதான்" என்றேன். எனக்குக் கணீரென்ற குரல். கடைசி சோபா வரைக்கும் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் பொய் பேசுவதில்லை. நாலாவது சுற்றில் தப்பு என்னுடையதுதான். மற்ற மூன்று சுற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அக்கா அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். பிறகு கைப்பையை எடுத்து, எழுந்ததே சேலையைச் சரிசெய்யத்தான் என்பது போல மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

சம்பந்தி துணியை நாலாக மடித்தார். பெட்டிக்குள் வைக்கவில்லை, சட்டைப் பையில் வைத்தார். ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டே, இந்தத் தடவை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அங்க மலையில பின்னாடி காத்து மட்டும்தான் வரும்."

நான் ஆம்ப்ளிஃபையரின் குமிழைச் சும்மா திருகிப் பார்த்தேன்.

"இன்னொன்னு வாசிக்கலாமா? இது கொஞ்சம் மெதுவா."

ஆளுக்கு ஒன்று என்பது விதி. அதையும் நான்தான் போட்டேன். பலகையில் அடுத்த பெயர்க்காரர் கிட்டாரை மாட்டிக்கொண்டு படி அருகே நின்றிருந்தார். அவரைப் பார்த்து, உட்காருங்கள் என்று கை காட்டினேன். எக்ஸ்ரேயின் புருவம் எங்கே போயிருக்கும் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு மெதுவா, சம்பந்தி?"

"வழக்கம்போலதான்."

மகள் நீல சோபாவில் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். உறை ஒரு தடவை மொறமொறத்து அடங்கியது. எக்ஸ்ரே இரண்டு குச்சியையும் தூக்கிப் பிடித்தார். சம்பந்தி கண்ணை மூடினார், தொண்டை ஒரு முறை அசைந்தது, சட்டைப் பையில் இருந்த மஞ்சள் துணி நெஞ்சோடு சேர்ந்து மெல்ல மேலே ஏறியது. நான் விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு, மீட்டாமல், அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.